ஆறும் வழியும்: யூஜீன் நகர ஓட்டப்பாதையின் வரலாறு

தமிழில் 'ஆறு' என்னும் சொல் நீர் ஓடும் இடத்தையும் குறிக்கும். மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு வழிகாட்டும் இலக்கிய வகை 'ஆற்றுப்படை' எனப் பெயர் பெற்றது இந்த இரண்டாம் பொருளில்தான். 'ஓடு' என்னும் வினையும் இத்தகையதே. நீரும் ஓடும்; மனிதரும் ஓடுவர். தமிழ் ஒரே சொல்லில் சேர்த்து வைத்த இவ்விரு பொருள்களும் ஒரே நிலத்தில் சேர்ந்து அமைந்த இடங்களுள் ஒன்று, அமெரிக்க நாட்டின் ஓரிகன் மாநிலத்தில் வில்லாமெட் ஆற்றின் கரையில் உள்ள யூஜீன் நகரம். ஆற்றின் இருகரைகளிலும் பாதைகள் நீள, பாலங்கள் அவற்றை இணைக்க, விடியற்பொழுதிலிருந்து மக்கள் அங்கு மெல்லோட்டம் ஓடுகின்றனர். எளிய உடற்பயிற்சியாகத் தோன்றும் இக்காட்சிக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டு.

மெல்லோட்டம் வந்த கதை

1960-களின் தொடக்கத்தில் பொதுமக்கள் தெருவில் ஓடுவது அமெரிக்காவில் வியப்புக்குரிய செயலாகவே கருதப்பட்டது. ஓட்டம் என்பது பந்தய வீரர்க்கு உரியது என்பதே அன்றைய எண்ணம். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1962-ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து சென்றார். அங்கு ஆர்தர் லிடியார்ட் என்னும் பயிற்சியாளர், ஆக்லாந்து நகரில் நடுவயதினரையும் முதியோரையும் ஒன்றுகூட்டி மெதுவாக ஓடப் பழக்கியிருந்தார். அவர்களோடு ஓடிய பவர்மன், எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவரின் வேகத்துக்கே ஈடுகொடுக்க இயலாமல் திணறினார். அப்போது அவருக்கு வயது 51.

1963-இல் ஊர் திரும்பியதும் அவர் யூஜீன் நகர மக்களை ஓட அழைத்தார். சில பத்துப்பேருடன் தொடங்கிய கூட்டம் சில வாரங்களில் ஆயிரத்தைத் தாண்டியது. பழக்கமில்லாதோர்க்கு ஊறு நேருமோ என்று அஞ்சிய பவர்மன், வால்டோ ஹாரிஸ் என்னும் இதயநோய் மருத்துவரைத் துணைக்கொண்டு பயிற்சிமுறையை ஆராய்ந்து வகுத்தார். இருவரும் எழுதிய 'ஜாகிங்' என்னும் நூல் 1967-இல் வெளிவந்து பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஓடும்போதே அருகில் வருவோரோடு பேச முடியவேண்டும். பேச முடியாத வேகம் மிகையான வேகம் என்பது அம்முறையின் எளிய அளவுகோல். மூச்சுக்கும் பேச்சுக்கும் இடமளிக்கும் ஓட்டமே மெல்லோட்டம் எனலாம்.

ஆறு மீண்ட கதை

மக்கள் ஓடத் தொடங்கிய அக்காலத்தில் வில்லாமெட் ஆறு நாடிச்செல்லும் நிலையில் இல்லை. நகரங்களின் கழிவுநீரும் காகிதக்கூழ் ஆலைகளின் கழிவும் நெடுங்காலம் அதில் கலந்துவந்தன. ஆற்றைக் காக்கவேண்டும் என்று 1938-இலேயே மாநில மக்கள் வாக்களித்து ஒரு துப்புரவு ஆணையத்தை அமைத்தனர். ஆயினும் தூய்மை மெதுவாகவே வந்தது. 1962-இல் இதழாளர் டாம் மெக்கால் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றின் வழியே ஆற்றின் அவலத்தை வீடுதோறும் கொண்டுசென்றார். அவரே 1967 முதல் 1975 வரை மாநில ஆளுநராகவும் விளங்கினார். அக்காலத்தில் கழிவுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. 1967-இலும் 1973-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், வில்லாமெட்டின் கரையைப் பசுமை வழியாகப் பேண வழிவகுத்தன. நீர் தெளிந்த பிறகே கரை மக்களை அழைத்தது என்பது நோக்கத்தக்கது.

பாதை அமைந்த கதை

பவர்மனின் மாணாக்கருள் புகழ்மிக்கவர் ஸ்டீவ் பிரிஃபான்டெய்ன். 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் நான்காமிடம் பெற்றவர். ஐரோப்பாவில் மரத்தூளும் பட்டைச் சிதறல்களும் பரப்பிய மென்மையான காட்டுப் பாதைகளில் ஓடிய பட்டறிவால், தம் நகரத்திலும் அத்தகைய பாதை வேண்டுமென வலியுறுத்தி வந்தார். 1975 மே 30-ஆம் நாள் கார் விபத்தில் தம் 24-ஆம் வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டு, ஆற்றின் வடகரையில் உள்ள ஆல்டன் பேக்கர் பூங்காவில், மரப்பட்டை பரப்பிய சுமார் 4 மைல் நீளப் பாதை அவர் பெயரால் அமைந்தது. கேட்டவர் ஓடாத பாதையில் ஊர் ஓடியது. காலப்போக்கில் இருகரைப் பாதைகளும் பாலங்களால் இணைந்து, 1990-களில் நகரத் தலைவராயிருந்த ரூத் பாஸ்கம் பெயரைத் தாங்கும் பாதைத் தொகுதியாக விரிந்தன.

கரைக்கு உரியோர்

பாதையின் வரலாறு இத்துடன் முடிந்தால் அது வெற்றிக் கதையாகவே நின்றுவிடும். ஆனால் அப்பாதை அமைந்த கரை ஆளில்லாக் கரையாக இருந்ததில்லை.

கறுப்பின மக்கள் ஓரிகனில் குடியேறக் கூடாது என்னும் விதி, 1857-இல் வகுக்கப்பட்ட அம்மாநில அரசமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. 1926-இல்தான் மக்கள் அதனை வாக்கால் நீக்கினர். விதி நீங்கியும் வழக்கம் நீங்கவில்லை. 1940-களில் யூஜீன் நகரினுள் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள், நகர எல்லைக்கு அப்பால், ஆற்றின் வடகரையில், ஃபெரி தெருப் பாலத்தருகே குடிசைகளும் கூடாரங்களும் அமைத்து வாழ்ந்தன. வெள்ளம் புகும் தாழ்நிலம் அது. 1949-இல் புதிய பாலத்திற்காக மாவட்ட நிர்வாகம் அக்குடியிருப்பை இடித்துத் தரைமட்டமாக்கியது. அந்நிலத்தின் பகுதியே பின்னாளில் ஆல்டன் பேக்கர் பூங்காவாயிற்று. யாவரும் தடையின்றி ஓடும் இடம், ஒருகாலத்தில் வேறெங்கும் இடமில்லாதோர் ஒதுங்கிய இடம்.

அவர்க்கும் முன்னர் அக்கரை கலப்பூயா என்னும் தொல்குடியினர்க்கு உரியது. 1830-களில் பரவிய கொடுங்காய்ச்சலில் அவர்களுள் மிகப்பெரும்பாலோர் மடிந்தனர். எஞ்சியோர் 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பள்ளத்தாக்கை இழந்து, 1856-இல் கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். நிலம் போன பின் மொழியும் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அதனைத் தாய்மொழியாகப் பேசியோர் மறைந்தனர்.

பேசும் கற்கள்

2002-இல் பூங்காவின் கிழக்குப் பகுதிக்கு 'விலமட்' என்னும் கலப்பூயாச் சொல் பெயராகச் சூட்டப்பட்டது. ஆறு அலை நெளிந்து விரைந்து ஓடும் இடம் என்பது அதன் பொருள். கலப்பூயா வழித்தோன்றல்களும் நகர மக்களும் கூடி, பாதையோரங்களில் கருங்கற்களை நிறுவி, ஒவ்வொன்றிலும் ஒரு கலப்பூயாச் சொல்லையும் அதன் பொருளையும் பொறித்தனர். அவற்றுக்குப் 'பேசும் கற்கள்' என்று பெயர். வீழ்ந்த வீரரின் பெயரும் பீடும் எழுதி நட்ட நடுகற்களை அறிந்த தமிழ் மரபுக்கு, சொல்லுக்கே கல் நட்ட இச்செயல் அயலானது அன்று.

நிலத்தை இழந்த மக்களுக்கு அக்கற்கள் நிலத்தைத் திருப்பித் தரவில்லை. இடிந்த குடிசைகளும் மீண்டும் எழவில்லை. எனினும் மெல்லோட்டம் ஓடுவோர் அவ்வழியே செல்லும்போது ஒரு கல்லருகே மூச்சுவாங்க நிற்கின்றனர். அறியாத மொழியின் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி உச்சரிக்கின்றனர். கரை அனைவர்க்கும் பொது என்பது சட்டத்தால் மட்டும் நிறைவடைவதில்லை. அக்கரையில் முன்பு யார் வாழ்ந்தனர், எவ்வாறு நீங்கினர் என்பதை ஓடுவோர் அறியும் அளவுக்கே அது பொதுவாகிறது. அந்த அறிவைத் தலைமுறைதோறும் எடுத்துச்செல்லும் கடமையில், பாதை அமைக்கும் பொறியாளர்க்கு உள்ள பங்கினும் சொல்லைக் காக்கும் கவிஞர்க்கு உள்ள பங்கு குறைந்தது அன்று.