வேரில் இருந்த சிவப்பு

ஏலூருக்கு மாற்றலாகி வந்தபின், ஊரிலிருந்து யார் வந்தாலும் மட்டாஞ்சேரி டச்சு அரண்மனைக்குக் கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. அதே டச்சுக் கம்பெனி கொச்சியைப் பிடித்தது 1663-ல். அதற்கு ஐந்து வருடம் முன்பே யாழ்ப்பாணம் அவர்கள் கையில். யானை, முத்தோடு அங்கே அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்ட இன்னொரு சரக்கு சாயவேர்!

மணல்பாங்கான கடற்கரையில் வளரும் சின்னச் செடி. நம் ராமநாதபுரம் பக்கமும் உண்டு, இம்பூறல் என்பார்கள். வேர்ப்பட்டையில் இருக்கிறது சிவப்பு.

இப்போது வீட்டில் நூலுக்குச் சாயம் போட்டுப் பார்ப்பவர்கள் மஞ்சளில்தான் தொடங்குகிறார்கள். பளிச்சென்று ஏறும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். சாயவேரோ வெறும் நூலில் ஒட்டாது. மதுரைச் சாயக்காரர்கள் நூலை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் பலமுறை தோய்த்துக் காயவைத்து, படிகாரம் ஏற்றி, பிறகுதான் வேரோடு கொதிக்க வைப்பார்கள். நாட்கணக்கில் வேலை. ஆனால் எத்தனை துவைத்தாலும் நிறம் நிற்கும்.

1868-ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர், வேரில் உள்ள அதே அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து தயாரித்துவிட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது மதுரைக்கும் வந்து சேர்ந்தது. விலை மலிவு, வேலை சுலபம்.

பேரேட்டில் பார்த்தால் லாபம்தான். மணலில் வேர் தோண்டிப் பிழைத்தவர்களின் கூலி மட்டும் எந்தப் பக்கத்திலும் பற்று வைக்கப்படவில்லை. ரசாயன ஆலைகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வைப்போம்.