ஒரேகன் தடத்திலிருந்து அலாஸ்கா வரை

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1971 டிசம்பரில், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக ‘தி ஒரேகன் டிரெயில்’ என்ற கணினி விளையாட்டு உருவானது. எழுதியவர்கள் பயிற்சி ஆசிரியர் டான் ராவிட்சும் அவருடைய நண்பர்கள் பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கரும். அதற்குத் திரை கிடையாது. டெலிடைப் எந்திரம் காகிதத்தில் அச்சடித்துக் கேட்கும். பிள்ளைகள் தட்டச்சு செய்து பதில் சொல்வார்கள். வேட்டையாட ‘பேங்’ என்று பிழையில்லாமல் விரைவாகத் தட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்தவர்களின் பயணமே கதை.

1974இல் மினசோட்டா மாநிலக் கல்விக் கணினி அமைப்பான மெக்கில் சேர்ந்த ராவிட்ச், குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, வழியில் நேர்ந்த இடர்கள் எவ்வளவு அடிக்கடி வந்தன என்று கணக்கிட்டு நிரலைத் திருத்தினார். பூர்வகுடிகள் பயணிகளுக்கு உதவிய செய்தியும் அப்போது சேர்ந்தது. நேர்மையான உழைப்புதான். ஆனால் சான்றெல்லாம் வண்டியில் போனவர்களுடையது. மண்ணுக்குரியவர்கள் வழியில் எதிர்ப்பட்டு மறைபவர்களாகவே நின்றார்கள். 1985இன் ஆப்பிள் 2 பதிப்பு அந்தப் பார்வையைப் பல்லாயிரம் வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்றது. ஒடுக்கப்பட்டவர்களின் பக்கமிருந்து கதை சொல்லும் முயற்சியும் நிலைக்கவில்லை: பின்னர் அடிமைத்தளையிலிருந்து தப்பியோடுவோரைப் பற்றி மெக் வெளியிட்ட ‘ஃப்ரீடம்’, பெற்றோரின் எதிர்ப்பால் 1993இல் திரும்பப் பெறப்பட்டது.

அலாஸ்காவில் விளையாட்டு உருவாக்கும் வேலை வேறு முனையிலிருந்து, பழங்குடிகளிடமிருந்தே தொடங்கியது. ஆங்கரேஜிலுள்ள குக் இன்லெட் பழங்குடி மன்றம், அரசு மானியத்தை மட்டும் நம்பியிராமல் வருவாய் தேட விரும்பி, இ-லைன் மீடியா என்ற விளையாட்டு நிறுவனத்துடன் கைகோத்தது. அப்படிப் பிறந்ததுதான் 2014 நவம்பரில் வந்த ‘நெவர் அலோன்’. அலாஸ்காவின் இனுப்பியாட் பழங்குடிக் கதைசொல்லி ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லண்ட் சொல்லிவந்த பனிப்புயல் கதை அதற்கு மூலம். கதை அச்சில் இருந்தும், அவருடைய மகளைத் தேடிச் சென்று அனுமதி கேட்டார்கள். கதைக்கு உரியவர்களுக்குத் தந்த மரியாதை இது. மூலக் கதையின் சிறுவன் விளையாட்டில் நூனா என்ற சிறுமியானான். துணைக்கு ஓர் ஆர்க்டிக் நரி. இருவரில் ஒருவர் விழுந்தாலும் ஆட்டம் நின்றுவிடும். ஒருவரையொருவர் சார்ந்தே பனிநிலத்தில் பிழைக்க முடியும் என்பதை இங்கே விதியே கற்பிக்கிறது, தனியாகப் பாடம் வேண்டியதில்லை. கதை இனுப்பியாக் மொழியில் ஒலிக்கிறது. ஆட்டம் முன்னேற முன்னேற, அந்த மக்களே பேசும் 24 குறும்படங்கள் திறக்கின்றன.

2019இல் வந்த ‘வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்’ பழைய ஒரேகன் ஆட்டத்தையே திருப்பிப் போட்டது. 1890களில் நிலம் பறிபோன ஓர் அனிஷினாபே பழங்குடி மனிதராக மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை ஆட வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் படைப்பாளிகள் அதில் பங்கேற்றனர். 2021இல் ஒரேகன் ஆட்டத்தைப் புதுப்பித்த கேம்லாஃப்ட் நிறுவனமும் பூர்வகுடி வரலாற்றாய்வாளர்களை ஆலோசகர்களாக அமர்த்திக்கொண்டது.