சுவர் ஓதம்

சுவர் ஓதம் என்பது கட்டிடச் சுவர்களில் அளவுக்கு மிகுதியாக ஈரம் தங்கி நிற்கும் நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இதனை "ஓதம் அடித்தல்", "ஓதம் ஏறுதல்" என்பர். தனி வீடுகளைவிட அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதன் காரணத்தைக் கண்டறிவது கடினமானது. ஒரு வீட்டுச் சுவரில் தெரியும் ஈரம், மேல்வீட்டுக் குளியலறை, பக்கத்து வீட்டுக் குழாய், பொதுவான மொட்டை மாடி என வேறொருவர் பொறுப்பில் உள்ள இடத்திலிருந்து வரக்கூடும். காரணத்தை அறியாமல் சுவரைச் சுரண்டிப் பூசி வண்ணம் அடித்தால், நீர்வரத்து நிற்காததால் கறை மீண்டும் தோன்றும்.

விளைவுகள்

கான்கிரீட்டின் காரத்தன்மை அதனுள் இருக்கும் இரும்புக் கம்பிகளைத் துருவிலிருந்து காக்கின்றது. காற்றிலுள்ள கரியமில வாயுவாலும் உப்புகளாலும் இக்காப்பு குறைந்த இடத்தில் ஈரமும் சேர்ந்தால் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. துரு இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைப்பதால், கான்கிரீட்டு வெடித்து உதிர்கின்றது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமா முதலிய மூச்சு நோய்களுக்கான வாய்ப்பு கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பு 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகின்றது.

ஈரத்தின் மூலங்கள்

* மழைநீர்: வெளிச்சுவர் வெடிப்பு, சன்னல் சட்டத்தின் ஓரம், உத்தரமும் செங்கற் சுவரும் சேரும் இடம், கைப்பிடிச் சுவரின் அடி, மொட்டை மாடித் தட்டோடுகளின் இணைப்பு ஆகியவற்றின் வழியே நுழைகின்றது.
* குழாய்க் கசிவு: சுவருள் பதித்த நீர்க்குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால் அதன் கசிவு இடைவிடாதது. கழிவுநீர்க் குழாய் பயன்படுத்தும்போது மட்டும் கசியும். குளிர்சாதனப் பெட்டியின் வடிகுழாய் அப்பெட்டி ஓடும் காலத்தில் மட்டும் சுவரை நனைக்கும்.
* குளியலறைத் தளம்: பல குடியிருப்புகளில் குளியலறையின் கான்கிரீட்டுத் தளத்தைத் தாழ்த்தி அமைத்து, பள்ளத்தைச் செங்கற் சல்லியால் நிரப்பி, மேலே ஓடு பதிக்கின்றனர். ஓடுகளின் இணைப்பு வழியே இறங்கும் நீர் அப்பள்ளத்தில் தேங்கிச் சிறிது சிறிதாகக் கசியும். எனவே குளியலறையைச் சில நாட்கள் பூட்டி வைத்தாலும் கீழ்வீட்டுக் கறை உடனே காய்வதில்லை.
* ஆவி ஒடுக்கம்: காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டு நீராக மாறுவது. வெப்பநிலை 30 பாகை செல்சியசும் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடும் உள்ள காற்று, ஏறக்குறைய 28 பாகையில் உள்ள பரப்பிலேயே ஒடுங்கத் தொடங்கும். குளிர் நாடுகளில் வெளிச்சுவர்களின் உட்புறமும், வெப்ப நாடுகளில் குளிரூட்டிய அறையை ஒட்டிய சுவர்களும் இவ்வாறு நனையக்கூடும்.
* நிலத்திலிருந்து ஏறும் ஓதம்: மண்ணின் ஈரம் செங்கல், காரை ஆகியவற்றின் நுண்துளைகள் வழியே மேலேறுவது. பொதுவாக இது ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். தரைத்தள வீடுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். மாடி வீட்டின் சுவரடி நனைந்திருந்தால் வேறு காரணத்தையே தேடவேண்டும்.

கண்டறியும் முறை

நீர் தெரியும் இடமே நீர் நுழையும் இடம் என்று கொள்ளலாகாது. தளத்தின் மேற்பரப்பு, மின்கம்பிக் குழாய், வெடிப்பு ஆகியவற்றின் வழியே ஈரம் சில மீட்டர் தொலைவு பக்கவாட்டில் சென்று வெளிப்படலாம். ஆகவே இடத்துடன் காலத்தையும் கவனித்தல் இன்றியமையாதது. கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, அருகில் நாளைக் குறித்து, சில வாரங்கள் கவனிப்பது செலவற்ற முதற்படி ஆகும்.

* மழைக்குப் பின் பெருகி, வெயில் நாட்களில் சுருங்கினால் மழைநீர்.
* மழை, வெயில் எக்காலத்திலும் மாறாதிருந்தால் அழுத்தக் குழாய் அல்லது குளியலறைப் பள்ளம்.
* காலையில் குளித்து முடித்த பின் கூடினால் கழிவுநீர்க் குழாய்.
* தெளிவான விளிம்பின்றி, அறை மூலையிலும் அலமாரியின் பின்புறத்திலும் கரும்பூஞ்சணம் படர்ந்தால் ஆவி ஒடுக்கம்.

இவ்வாறு கிடைக்கும் ஐயத்தைக் கீழ்க்காணும் சோதனைகளால் உறுதிசெய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு சோதனையை மட்டுமே செய்யவேண்டும். இரண்டை ஒன்றாகச் செய்தால் எதனால் ஈரம் வந்தது என்பது விளங்காது.

* தகடு ஒட்டல்: சுவரில் ஓர் அலுமினியத் தாளை ஓரங்களில் காற்றுப் புகாமல் ஒட்டி 1 அல்லது 2 நாட்கள் விடவேண்டும். தாளின் வெளிப்புறம் நனைந்தால் அறைக்காற்றின் நீராவி. உட்புறம் நனைந்தால் சுவருக்குள் உள்ள ஈரம்.
* தொட்டி மட்டம்: எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டிக்கு நீர் வரும் அடைப்பானையும் மூடி, நீர்மட்டத்தைக் குறிக்கவேண்டும். இரவு முழுதும் எவரும் நீர் பயன்படுத்தாதபோதும் மட்டம் இறங்கினால் கசிவு உண்டு.
* தேக்கச் சோதனை: நீர் வெளியேறும் வாயை அடைத்து, குளியலறையிலோ மாடியிலோ ஆழமில்லாமல் நீரை ஒரு நாளாவது தேக்கிக் கீழே கவனித்தல். நீரில் சாயம் கலந்தால் நீர் வந்த வழி தெளிவாகும்.
* தெளிப்புச் சோதனை: வெளிச்சுவரில் கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக நீர் தெளித்தல். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் கீழுள்ள எல்லா வெடிப்புகளிலும் புகுந்து குழப்பம் விளைவிக்கும்.

மின்தடையை அளக்கும் ஈரமானி, சுவரில் உப்பு பூத்திருந்தால் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். அகச்சிவப்புப் படக்கருவி வெப்பநிலை வேறுபாட்டையே காட்டுகின்றது. நீரை நேரடியாகக் காட்டுவதில்லை. சுவரின் ஈரத்தைத் துல்லியமாக அறிய, துளையிட்டு எடுத்த தூளைக் கால்சியம் கார்பைடுடன் மூடிய கலத்தில் கலந்து, உண்டாகும் அசிட்டிலீன் வளிமத்தின் அழுத்தத்தை அளக்கின்றனர்.

காரணம் அறியாமையின் விலை

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு சமூக வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த அவாப் இசாக் என்னும் 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் மூச்சுக் கோளாறால் இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சணத்துக்கு நெடுநாள் உட்பட்டதே காரணம் என 2022 நவம்பரில் இறப்பு விசாரணை அலுவலர் முடிவுசெய்தார். குழந்தையின் தந்தை 2017 இலேயே முறையிட்டபோது, பூஞ்சணத்தின்மேல் வண்ணம் அடிக்கும்படி கூறப்பட்டது. அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறையும் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அவ்வீட்டில் போதிய காற்றோட்ட வசதி இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. இதன் விளைவாக, ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் ஆய்ந்து சீராக்க வீட்டு உரிமை அமைப்புகளைக் கட்டாயப்படுத்தும் "அவாப் சட்டம்" 2023 இல் இயற்றப்பட்ட சமூக வீட்டுவசதிச் சட்டத்தில் இடம்பெற்றது. இதன் முதற்கட்டம் இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

சீரமைப்பு

நீர்வரத்தை நிறுத்துதல், சுவரை உலரவிடுதல், உப்பேறிய பூச்சை நீக்குதல், புதிதாகப் பூசுதல், வண்ணம் அடித்தல் என்பதே சரியான வரிசை. கனமான சுவர் முழுதும் உலர மாதங்கள் ஆகும். உலராத சுவரின் உட்புறத்தில் நீர்புகா வண்ணம் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு வேறிடத்தில் வெளிப்படும். மின்பொத்தான் பலகையின் அருகில் ஈரம் இருப்பின், சோதனைகளைத் தொடங்குமுன் அப்பகுதியின் மின்னிணைப்பைத் துண்டிக்கவேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஈரப்பதம்
* நுண்புழை ஏற்றம்
* பூஞ்சணம்
* வலுவூட்டிய கான்கிரீட்டு