உறைக்குள் வந்த கூலி

என் மகள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறாள். ஒருநாள் இரவு வேலை முடித்து விடியக்காலை வந்தவள், தேநீர்க் கோப்பையோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தாள். ஓர் உதைபந்தாட்ட வீரரின் புதிய ஒப்பந்தம் பற்றிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, பந்தடிக்கிறதுக்கு இவ்வளவு காசோ? நான் பத்து வருசம் ஓடித்திரிஞ்சாலும் உது வராது. உவங்களுக்கு உது தகுமோ?" என்று கேட்டாள்.

"தகாது" என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் தூங்கப் போன பிறகுதான் அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது. நான் முப்பது வருடங்களுக்கு மேலாக வாழ்வது ரூர் பிரதேசத்தில். பக்கத்து நகரம் கெல்சன்கிர்ஷன். விளையாடுகிறவனுக்குக் கூலி தகுமா என்ற கேள்விக்காக ஓர் உயிர் போன ஊர் அது.

கெல்சன்கிர்ஷனின் ஷால்கே 04 கழகத்தைச் சுரங்கத் தொழிலாளர் கழகம் என்பார்கள். 1920களில் அதன் நட்சத்திரங்கள் ஏர்ண்ஸ்ட் குட்சோராவும் பிரிட்ஸ் செப்பானும். பெயர்களைக் கேட்டாலே தெரியும், இவர்களின் குடும்பங்கள் வெளியிலிருந்து வந்தவை. கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியாவிலிருந்து நிலக்கரி வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள். எதிரணி ரசிகர்கள் அந்தக் கழகத்தைப் 'போலாக்குகளின் கழகம்' என்று ஏளனம் செய்தார்கள். நம் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் கேட்ட சொற்களுக்கு அதுவும் ஓர் உறவுதான்.

அன்றைய ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கத்தின் கொள்கை, ஆட்டம் கௌரவத்துக்கானது என்பது. வீரருக்குச் சிறிய செலவுப்படி மட்டும் உண்டு, சம்பளம் கிடையாது. ஆனால் மைதானங்களில் பல்லாயிரம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். அந்தக் காசு கழகங்களுக்கும் சங்கத்துக்கும் போனது. தொழில்முறை அல்லாத விளையாட்டு என்ற பெயரால் வரிச்சலுகையும் கிடைத்தது. கௌரவம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தது.

1930 ஓகஸ்டில் மேற்கு ஜேர்மன் விளையாட்டுச் சங்கம் ஷால்கேயின் கணக்குகளைப் பார்த்து, அனுமதித்ததைவிடக் கூடுதலாகச் செலவுப்படி கொடுக்கப்பட்டதென்று முதலணி வீரர்கள் 14 பேரைத் தடைசெய்தது. கூடுதலாகப் போனது ஆட்டமொன்றுக்குச் சில மார்க்குகள்தான். அவமானம் தாங்காத கழகப் பொருளாளர் வில்லி நீயர், ரைன்-ஹேர்னே கால்வாயில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு தடை நீக்கப்பட்டது. 1931 ஜூன் 1இல் ஷால்கே மீண்டும் ஆடியபோது சுமார் 70,000 பேர் திரண்டு வந்தார்கள். மக்களின் தீர்ப்பு அது.

வில்லி நீயரைப் பற்றி வாசித்தபோது என் முதல் வருடங்கள் நினைவுக்கு வந்தன. எண்பதுகளில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு வேலை செய்யத் தடை இருந்தது. ஊரில் அம்மா, அடகில் காணி, ஏஜென்சிக்காரனுக்கு மிச்சக் கடன். ஓர் உணவகத்தின் பின்கதவால் போய்ச் சட்டி பானை கழுவினேன். கிழமை முடிவில் பெயர் எழுதாத உறையில் காசு வரும். சில கிழமை குறைந்து வரும், ஒரு கிழமை வரவேயில்லை. யாரிடம் முறையிடுவது? கூலியைச் சட்டம் தடுத்தால் கூலி நின்றுவிடுவதில்லை, அது இருட்டுக்குப் போய்விடுகிறது. இருட்டில் கணக்குக் கேட்க முடியாது.

அந்த இருட்டுக்கு எவ்வளவு ஆழம் என்பதை அடுத்த பத்தாண்டு காட்டியது. தொழில்முறை ஆட்டம் பற்றி அப்போது நடந்துகொண்டிருந்த பேச்சு, 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததோடு முடிந்தது. 'தூய' விளையாட்டே வேண்டும் என்றார்கள். ஷால்கே 1934க்கும் 1942க்கும் இடையில் ஆறுமுறை ஜேர்மன் சம்பியனானது. சம்பளமில்லாத காலத்தில் புகழ் வேறு வழிகளில் காசாகியது. 1938இல் செப்பான், யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட துணிக்கடை ஒன்றுக்கு உரிமையாளரானார். அதன் முந்தைய உரிமையாளர்கள் பின்னர் ரீகாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. கூலி வாங்காத வீரன் தூய்மையானவன் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கடைதான் ஞாபகம் வருகிறது.

போருக்குப் பின் 'ஒப்பந்த ஆட்டக்காரர்' என்ற புதிய வகை வந்தது. மாதம் 320 மார்க் உச்சவரம்பு, கூடவே வேறொரு தொழிலும் வேண்டும். 1954 ஜூலை 4இல் பேர்ண் நகரில் ஹங்கேரியை 3-2 என்று வென்ற அணி இத்தகையவர்களால் ஆனது. தலைவர் பிரிட்ஸ் வால்டர் முன்னதாக ஸ்பெயினிலிருந்து வந்த பெருந்தொகை அழைப்பை மறுத்து, கைசர்ஸ்லவுட்டனிலேயே இருந்தார். ஊவே சேலரும் 1961இல் இன்டர் மிலானை மறுத்து ஹம்பேர்க்கில் தங்கினார். இன்றைய வீரர்களைத் திட்டும் ஒவ்வொரு கட்டுரையிலும் இந்த இருவரும் வருவார்கள். அவர்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் வால்டருக்குச் சலவைக்கடையும் சினிமாக் கொட்டகையும் இருந்தன, சேலருக்கு விளையாட்டுப் பொருள் நிறுவனமொன்றின் பிரதிநிதி வேலை இருந்தது. அந்த வாய்ப்புகள் எல்லா வீரருக்கும் கிடைக்கவில்லை.

1963இல் புண்டஸ்லீகா தொடங்கியது. அங்கும் வரம்பு வைத்தார்கள், பொதுவாக மாதம் 1,200 மார்க். இரண்டே வருடத்தில் பேர்லின் கழகமான ஹேர்த்தா, மேசைக்கடியில் காசு கொடுத்ததற்காக லீகாவிலிருந்து நீக்கப்பட்டது. மதிலால் சூழப்பட்ட நகரத்துக்கு வீரர்களை அழைத்துவர வேறு வழி தெரியவில்லை என்பது அவர்களின் நியாயம். பெரிய இடி 1971 ஜூன் 6இல் விழுந்தது. ஒபன்பாக் கழகத் தலைவரும் பழ இறக்குமதியாளருமான கனெல்லாஸ், தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் ஓர் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினார். ஆட்டங்கள் விற்கப்பட்டிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மறுபடியும் ஷால்கே: பீலபெல்டிடம் வேண்டுமென்றே தோற்றதற்கு ஆளுக்கு 2,300 மார்க். பிறகு நீதிமன்றத்தில் பொய்ச்சத்தியமும் செய்தார்கள். அவர்களின் பேராசையை நான் மறைக்கவில்லை. தரமிறங்கும் பயமும் கழகங்களை விரட்டியது. ஆனால் சங்கமே பாடம் படித்துக்கொண்டது. 1972இல் சம்பள வரம்பு நீக்கப்பட்டது.

1974 உலகக் கிண்ணத்துக்கு முன் மலென்டே பயிற்சி முகாமில் வீரர்கள் வெகுமதிக்காகப் பேரம் பேசினார்கள். சங்கம் 30,000 மார்க் என்றது. பயிற்றுநர் ஹெல்முட் ஷோன் கோபத்தில் பெட்டி கட்டினார். தலைவர் பெக்கன்பவர் நள்ளிரவு வரை தொலைபேசியில் பேசி, 70,000இல் முடித்தார். நாட்டுக்காக ஆடக் காசு கேட்கிறார்களே என்று பலர் முகம் சுளித்தார்கள். சில கிழமைகளில் அதே அணி உலகக் கிண்ணத்தைத் தூக்கியது.

பேரம் பேசப் பலமில்லாதவர்களுக்கு என்ன கிடைத்தது? 1955இலிருந்து 1970வரை சங்கம் தன் கழகங்களில் பெண்கள் ஆடுவதையே தடைசெய்திருந்தது. 1989 ஜூலை 2இல் ஒஸ்னாபுரூக் நகரில் ஜேர்மன் பெண்கள் நோர்வேயை 4-1 என்று வென்று ஐரோப்பிய சம்பியனானார்கள். பரிசாக ஆளுக்கொரு கோப்பித் தட்டுமுட்டுச் செட் கொடுக்கப்பட்டது. 2022இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றால் ஆளுக்கு 60,000 யூரோ என்று பெண்களுக்குச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆண்களுக்குச் சொன்ன தொகை 400,000.

இன்றைய நட்சத்திரங்களின் கோடிகளை உழைப்பின் அளவால் நியாயப்படுத்த முடியாது. எந்த மனிதரும் என் மகளைப்போல் ஆயிரம் மடங்கு உழைப்பதில்லை. சீட்டுக்காசும் தொலைக்காட்சி உரிமையும் கொண்டுவரும் பணம் அது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரரைக் கழகம் கட்டிவைக்க முடியாது என்று தீர்த்தபின், அதில் பெரும்பங்கு வீரர் பக்கம் சாய்ந்தது. அதற்கு முன்பும் பணம் இருந்தது. ஆனால் 'கௌரவம்' என்ற சொல் அதை ஆடியவர்களின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது.

அதே வேலையை என் மகளின் தொழிலில் 'சேவை' என்ற சொல் செய்கிறது. பெருந்தொற்று நாட்களில் சனங்கள் பல்கனியில் நின்று கைதட்டினார்கள். அவளும் அன்று மகிழ்ந்தாள். கைதட்டலும் ஒருவகைக் கோப்பிச் செட்தான்.

அடுத்த ஞாயிறு சோற்றுக்கு அமர்ந்தபோது இதையெல்லாம் சொன்னேன். வில்லி நீயரில் தொடங்கி, என் உறைகளையும் சேர்த்து. அந்த உறைகளைப் பற்றி நான் அவளிடம் முன்பு சொன்னதேயில்லை. "தகாது எண்டு அண்டைக்கு அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன். உவங்களுக்கு ஏன் இவ்வளவு எண்டு கேக்கிறதைவிட, உனக்கு ஏன் இவ்வளவுதான் எண்டு கேள்" என்றேன்.

அவள் கொஞ்சநேரம் பேசாமல் சோற்றைப் பிசைந்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப எங்களுக்கும் ஒரு பெக்கன்பவர் வேணும், அப்பா. நடுச்சாமம் வரைக்கும் போனில நிண்டு பேச."