மிலான் விட்மார்: மின்பொறியாளர் ஆடிய சதுரங்கம்

மிலான் விட்மார் 1885 ஜூன் 22 அன்று லுப்லியானாவில் பிறந்தார். இன்று ஸ்லோவேனியாவின் தலைநகராக இருக்கும் அந்த ஊர், அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் லைபாக் என்ற ஜெர்மன் பெயரோடு இருந்த மாகாண நகரம். தந்தை குடை தயாரிப்பாளர். தம்பி யோசிப் பின்னாளில் இலக்கிய விமர்சகராகப் பேரெடுத்தார். தங்கை மெத்தா நடனக் கலைஞரானார். மிலான் பிடித்துக்கொண்டவை இரண்டு: மின்சாரம், சதுரங்கம். முதலாவதில் சம்பாதித்தார். இரண்டாவதைக் கடைசிவரை பிழைப்பாக்கவில்லை.

அன்றைய சதுரங்க மாஸ்டர்களின் வருமானம் என்பது போட்டிப் பரிசு, பத்திரிகைப் பத்தி, ஊர் ஊராகப் போய் ஒரே நேரத்தில் பலரோடு ஆடும் காட்சி ஆட்டம், அதற்கும் மேலே காப்பிக்கடைப் பந்தயக் காசு. வியன்னாவில் 1902-ல் இயந்திரப் பொறியியல் படிக்கத் தொடங்கிய விட்மாரால் இந்த வாழ்க்கையைப் பக்கத்திலிருந்தே பார்க்க முடிந்தது. 1907-ல் படிப்பை முடித்தார். 1911-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே 1911-ல்தான் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் போட்டியும் நடந்தது. கியூபாவிலிருந்து வந்த கபாபிளாங்காவை ஐரோப்பா முதன்முறையாகக் கண்ட போட்டி அது. 14 ஆட்டங்களில் 9½ புள்ளி எடுத்து அவர் வென்றார். அரைப் புள்ளி பின்தங்கி இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தவர்கள் ரூபின்ஸ்டைனும் விட்மாரும். ரூபின்ஸ்டைன் முழுநேர மாஸ்டர். விட்மாருக்கு வேறு வேலை இருந்தது. 1914-ல் மான்ஹைம் போட்டியிலும் அவர் இரண்டாம் இடத்தில் இருந்தார். முன்னால் இருந்தவர் அலெக்கைன் ஒருவரே. போட்டி முடிவதற்குள் உலகப்போர் மூண்டது. ரஷ்ய ஆட்டக்காரர்களை ஜெர்மனி காவலில் வைத்தது.

போரின் கடைசி ஆண்டில், 1918 ஏப்ரலில், பெர்லினில் ஒரு சிறு போட்டி நடந்தது. ரூபின்ஸ்டைன், ஷ்லெக்டர், மீசஸ், விட்மார் என்று நால்வரே ஆடினார்கள். முதல் சுற்றிலேயே ரூபின்ஸ்டைனுக்கு எதிராக விட்மாருக்குக் கறுப்புக் காய். என்ன தொடக்கம் ஆடுவது என்று தெரியாமல் ஹங்கேரிய நண்பர் இஷ்த்வான் அபோனியிடம் யோசனை கேட்டார். புடாபெஸ்ட் ஆட்டக்காரர்கள் ஆராய்ந்து வைத்திருந்த ஒரு துணிச்சலான தொடக்கத்தை அபோனி காட்டிக்கொடுத்தார்: இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து, காய்களை வேகமாக வெளியே கொண்டுவருவது. நிதானத்துக்குப் பேர்போன ரூபின்ஸ்டைன் 24 நகர்த்தல்களில் தோற்றார். போட்டியையும் விட்மாரே வென்றார். புடாபெஸ்ட் காம்பிட் என்ற அந்தத் தொடக்கத்துக்கு உலக அளவில் மதிப்பு வந்தது இந்த ஆட்டத்தால்தான்.

அதே மேசைகளில் ஆடிய ஷ்லெக்டரின் கதி வேறு. 1910-ல் உலகப் பட்டத்துக்காக லாஸ்கரோடு மோதி, சம நிலையில் முடித்த மேதை அவர். 1918 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் நிமோனியாவில் இறந்தார். போர்க்காலப் பட்டினி அவர் உடம்பை முன்பே அரித்திருந்தது. விட்மாருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய அரண் என்பது இந்த இருவரையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

பேரரசு சிதறியபின் விட்மார் ஊர் திரும்பினார். 1919-ல் தொடங்கப்பட்ட லுப்லியானா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரானார். 1928-29-ல் அதன் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். அவருடைய தனித்துறை டிரான்ஸ்ஃபார்மர். மின்சாரத்தை நெடுந்தூரம் வீணாகாமல் கொண்டுபோக மின்னழுத்தத்தை உயர்த்தவும், வீட்டுக்கும் ஆலைக்கும் கொடுக்கும்போது தாழ்த்தவும் வேண்டும். இந்த வேலையைச் செய்யும் அந்தக் கருவியின் வடிவமைப்பைப் பற்றி அவர் ஜெர்மனில் எழுதிய நூல் 1921-ல் பெர்லினில் வெளிவந்து, பின்னர் மறுபதிப்புகளும் கண்டது.

சதுரங்கம் நின்றுவிடவில்லை. 1922 லண்டன் போட்டியில் 16 பேரில் மூன்றாம் இடம். கபாபிளாங்காவும் அலெக்கைனும் மட்டுமே மேலே. உலகப் பட்டப் போட்டிக்கு 10,000 டாலர் பரிசுத்தொகை திரட்ட வேண்டும் என்று வகுத்த லண்டன் விதிகளில் கையெழுத்திட்ட மாஸ்டர்களில் விட்மாரும் ஒருவர்.

லண்டன் போட்டியைப் பற்றி அவரே பின்னாளில் எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. கபாபிளாங்காவுடனான ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டபோது விட்மாரின் நிலை தேறாதது. தோல்வியை ஒப்புக்கொள்ளப் போவதாக எதிராளியிடம் சொல்லிவிட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கும் நேரம் வந்தது, கபாபிளாங்காவின் கடிகாரம் ஓடியது, ஆள் வரவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கக்கூடும் என்பது விட்மாருக்கு உறைத்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலே வெற்றி. ஆனால் நேரம் தீருமுன் ஓடிப்போய்த் தன் ராஜாவைச் சாய்த்தார்.

1925-26 ஹேஸ்டிங்ஸில் 9 ஆட்டங்களில் 8½ புள்ளி எடுத்து அலெக்கைனோடு முதலிடத்தைப் பகிர்ந்தார். 1926 செம்மரிங்கில் மூன்றாம் இடம். 1927 நியூயார்க்கில் ஆறு பேர் நான்கு சுற்றுகளாக ஆளுக்கு 20 ஆட்டம் ஆடியதில் நான்காம் இடம். புகை வெறுப்பாளரான நிம்சோவிச், எதிராளி பற்றவைக்காமல் மேசைமேல் வைத்த சுருட்டைக் கண்டு நடுவரிடம் முறையிட்ட புகழ்பெற்ற கதையை இந்தப் போட்டியோடு சேர்த்துச் சொல்வார்கள். சிலர் சொல்லும்போது எதிராளி விட்மார், வேறு சிலருக்கு லாஸ்கர். கதை நன்றாக இருக்கிறது. நம்புவதற்குத்தான் ஆதாரம் போதாது.

1929 கார்ல்ஸ்பாடில் ஹாலந்தின் ஆய்வேயை அவர் வீழ்த்திய விதம் இன்றும் பயிற்சி நூல்களில் இடம்பெறுகிறது. ஒரு யானையைக் கொடுத்தார். குதிரையால் செக் வைத்தார். பிறகு ராணியையே பலியிட்டு, மிஞ்சிய யானையால் முடிக்கும் வழியைத் திறந்தார். ஆய்வே ஆறு ஆண்டுகளில் உலகச் சாம்பியனானவர்.

முழுநேரம் ஆடியிருந்தால் விட்மார் உலகப் பட்டத்துக்குப் போயிருப்பாரா? கபாபிளாங்கா, அலெக்கைன் இருவரும் உச்சத்தில் இருந்த காலத்தில் அது நடந்திருக்காது என்றே கொள்ளலாம். ஆனால் அந்த இருவருக்கு அடுத்த வரிசையில், விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து ஆடிய ஒரு பேராசிரியர் பல ஆண்டுகள் நின்றார் என்பது சாதாரணமானதல்ல. ஐம்பதை எட்டியபின் வேகம் குறைந்தது. 1936 நாட்டிங்ஹாமில் 15 பேரில் ஒன்பதாம் இடம்.

1946-ல் அலெக்கைன் உலகச் சாம்பியனாகவே இறந்துபோக, காலியான பட்டத்துக்கு 1948-ல் ஹேக்கிலும் மாஸ்கோவிலும் ஐவர் மோதினார்கள். சோவியத் தரப்பு, மேற்குலகத் தரப்பு என்று சந்தேகங்கள் நிறைந்திருந்த அந்தப் போட்டிக்குத் தலைமை நடுவர் விட்மார். போட்வின்னிக் வென்றார். 1950-ல் உலக சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிய 27 பேரில் விட்மாரும் இடம்பெற்றார்.

1962 அக்டோபர் 9 அன்று விட்மார் மறைந்தார். அவர் பெயரையே கொண்ட மகனும் மின்பொறியாளர், சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர். லுப்லியானாவில் 1948-ல் தொடங்கப்பட்ட மின்னியல் ஆய்வு நிறுவனம் இன்று மிலான் விட்மார் பெயரில் இயங்குகிறது.