சீதன வளவிலிருந்து தொடங்குதல்: கல்முனைக் கரையோர உழைப்பாளரின் முன்னோரைத் தேடும் முறை பற்றி

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்தில் இலங்கையின் கிழக்குக் கரையில், கரவாகுப்பற்றிலோ நிந்தவூர்ப்பற்றிலோ, ஒரு போடியாரின், அதாவது பெருவயற்காரரின், வயலை உழுத மனிதரை இன்று அவருடைய வழித்தோன்றல்கள் தேடப் புறப்பட்டால் எந்த ஏட்டிலிருந்து தொடங்குவது? போடியாரைத் தேடுவது கடினமன்று. அவர் பெயரில் காணி உறுதி உண்டு, வழக்கு உண்டு. பள்ளிவாசலில் மரைக்கார் பதவியும் இருந்திருக்கலாம். அவருடைய வயலை மேற்பார்த்த முல்லைக்காரருக்கும், முல்லைக்காரருக்குக் கீழே சேற்றில் நின்ற வயற்காரருக்கும், மருதமுனைத் தறிக்குழியில் கால்வைத்து நெய்தவருக்கும் இவை எவையும் இல்லை. ஆகவே அவர்களுக்கு வரலாறும் இல்லை என்ற எண்ணம் நம் ஊர்களில் ஊறிக் கிடக்கிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அவர்களுக்கும் எழுத்துத் தடம் உண்டு. அது மனைவியின் பெயரிலும் மாமியின் பெயரிலும் அயல் வளவுக்காரரின் உறுதியிலும் பதிந்திருக்கிறது. தந்தைவழியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவரின் கண்ணில் அது படாது.

முன்னோரைத் தேடும் கலைக்கு இன்று வழிகாட்டியாக வழங்குவது இங்கிலாந்தில் உருவான முறை. அங்கே கிறிஸ்தவக் கோயிற்பற்றுகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் 1538 முதல் உள்ளன. 1837இல் குடிசார் பதிவு தொடங்கியது. 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுதியது. 1851இல் உறவும் பிறந்த ஊரும் சேர்ந்தன. லங்காஷயர் ஆலைத் தொழிலாளி ஒருவரைப் பத்தாண்டுக்கு ஒருமுறை வீட்டு வாசலில் வைத்தே சந்திக்க முடிகிறது. மகன் தந்தையின் குடும்பப் பெயரைச் சுமக்கிறான், மனைவி கணவனின் பெயருக்கு மாறுகிறாள், வீடு ஆணின் பெயரில் எழுதப்படுகிறது. அந்த முறை முழுவதும் இந்த மூன்றின்மேல் நிற்கிறது. கல்முனைக் கரையில் மூன்றுமே பொருந்தா.

இலங்கையின் முதல் முழுத்தீவுக் குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. பிறகு 1931 வரை பத்தாண்டுக்கொரு முறை தொடர்ந்தது. பொன்னம்பலம் அருணாசலம் மேற்பார்வையிட்ட 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் அதன் அறிக்கையும் இன்றும் போற்றத்தக்கவை. ஆனால் அச்சில் வந்த இவ்வறிக்கைகள் தருவன தொகைகளே: இத்தனை சோனகர், இத்தனை உழவர், இத்தனை நெசவாளர். நம் மனிதர் அந்த எண்ணுக்குள் ஒருவராக இருக்கிறார், பெயர் இல்லை. கோயிற்பற்றுப் பதிவேடும் உதவாது. வெஸ்லியன் மிஷன் 1814இலேயே மட்டக்களப்புக்கு வந்துவிட்டதால் இப்பகுதிக் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஞானஸ்நானப் பதிவு கிடைக்கும். முஸ்லிம்களுக்கு அப்படியொன்று இருக்க வாய்ப்பில்லை.

பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் தொடங்கியது. முஸ்லிம் திருமணப் பதிவுக்கு 1886இலும், பின்னர் 1929இலும் 1951இலும் சட்டங்கள் வந்தன. பதியாத நிக்காஹும் செல்லும் என்பதால் ஏழைக் குடும்பங்கள் பதிவுகாரரைத் தேடிப் போக வேண்டிய நெருக்கடி இருக்கவில்லை. பதிந்த இடத்திலும் மணமகளின் கையெழுத்து இல்லை. அவளுக்காக வலி (மணமகளின் பொறுப்பாளர்) ஒப்பமிடுவார். அரசின் ஏடு ஆண்களுக்கிடையிலான ஏடாகவே இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் இந்தச் சாய்வு இன்னும் இறுகியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழிப் பிரசாவுரிமைக்குத் தந்தையின் பிறப்பை, அல்லது தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பைச் சான்றாகக் கேட்டது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனின் பெயருக்கு இடம் உண்டு; உம்மம்மாவுக்கு இல்லை. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அதே சட்டம், கிழக்குக் கரையின் தாய்வழியையும் ஏட்டிலிருந்து சத்தமில்லாமல் தள்ளிவைத்தது என்பது என் மதிப்பீடு.

தாய்வழி இங்கே வெறும் பழங்கதையன்று. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை முஸ்லிம் ஊர்களில் குடி, அதாவது குலம், தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது. மரைக்கார் குடி, லெவ்வைக் குடி, வரிசைநாட்டான் குடி, பொன்னாச்சி குடி என ஊருக்கு ஊர் குடிகள் உள்ளன. ஒரே குடிக்குள் மணம் கொள்வதில்லை. அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே அமைப்பு நிலவுகிறது. முக்குவர் மரபுரிமை பற்றி கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இலேயே நூல் எழுதினார். அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரேயின் 2008ஆம் ஆண்டு நூல் இரு சமூகங்களின் குடிமுறையையும் அருகருகே வைத்து விளக்குகிறது. மணமான பின் ஆண் பெண்வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்படுகின்றன.

‘எழுதப்படுகின்றன’ என்பதில்தான் தேடுவோருக்கான வாசல் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றம் எதுவும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. அதற்கு மேல் முஸ்லிம் வாரிசுரிமை, இறந்தவரின் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதியையே தருகிறது. வீட்டை முழுமையாக மகளுக்கே சேர்க்க விரும்பும் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து, சொத்தென்று சொல்ல ஒரு துண்டு வளவைத் தவிர வேறெதுவும் இல்லாத குடும்பத்தையும் நொத்தாரிசின் வாசலுக்கு அனுப்பின. எல்லாரும் போகவில்லை, வாய்ச்சொல்லில் கொடுத்தவரும் உண்டு. ஆனால் எழுதாதவர்களும் எழுதியவர்களின் உறுதிக்குள் வந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் உறுதியும் காணியின் நான்கெல்லைகளைச் சொல்கிறது. வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் வளவு என்று அயலவரைப் பெயரிட்டே சொல்கிறது. கரையோர ஊர்களில் அந்த அயலவர் பெரும்பாலும் பெண்கள்: இன்ன உம்மா, இன்ன பாத்தும்மா. நெசவாளர் ஒருவர் தம் பெயரில் ஒரு காகிதமும் விடாமல் மவுத்தாகியிருக்கலாம். அவர் மனைவியின் பெயர் பக்கத்து வளவின் எல்லை வரியில் ஐம்பதாண்டுகள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும்.

எல்லை வரிகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் தெளிகிறது. தாயின் வளவு மகள்மாருக்குப் பிரிக்கப்படுவதால் அடுத்தடுத்த வளவுக்காரிகள் பெரும்பாலும் ராத்தா தங்கைமாரே. ஒரே ஒழுங்கையில் தொடர்ந்து வரும் பெண்பெயர்கள் ஒரு தாயின் பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆகவே நாம் தேடும் ஆணின் பிறந்த வீட்டுக்குப் போகும் வழி அவருடைய தந்தை வழியாக அமையாது. அவருடைய சகோதரிகளின் வழியாக அமைகிறது. மனைவியின் வளவில் அவரைக் கண்டுகொள்கிறோம். ஊர்ப் பெரியோரிடம் அவருடைய குடியைக் கேட்டறிகிறோம். அந்தக் குடிப்பெண்கள் வாழ்ந்த ஒழுங்கைக்குப் போகிறோம். அங்குள்ள உறுதிகளில் அவருடைய உடன்பிறந்தாளைத் தேடுகிறோம். அவள் வழியே தாயை அடைகிறோம். ஒவ்வொரு தலைமுறைக்கும் இதே நடை.

குடியைக் கேட்காமல் பெயரை மட்டும் வைத்து நடந்தால் வழி தவறும். ஆதம்பாவா, உதுமாலெவ்வை, மீராசாகிபு என ஒரு சில பெயர்களே தலைமுறை தலைமுறையாகச் சுழல்கின்றன. குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னே நிற்க, அதுவும் இதே சில பெயர்களுள் ஒன்றாகவே இருக்கும். ஆங்கிலம் எழுதிய எழுதுவினைஞர் ஒரே மனிதரை இரண்டு விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார். வயது அண்ணளவானது. இத்தனைக்கும் நடுவே இருவரைப் பிரித்தறியக் குடியைவிட உறுதியான அடையாளம் இல்லை.

குடி நினைவு வாய்மொழி, அதை ஆவணத்துக்கு நிகராக வைக்கலாமா என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். ஆனால் இது கதைசொல்லும் வகை நினைவன்று. சம்மந்தம் பேசும் ஒவ்வொரு முறையும் குடி உரக்கச் சொல்லப்பட்டு இருபக்கத்தாரும் சரிபார்க்கிறார்கள். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் என்ற வழக்கம் இருந்த ஊர்களில் யார் எந்தக் குடி என்பது பொதுவெளியில் தீர்மானமான செய்தி. தவறாகச் சொன்னவரை மறுக்க அக்கறையுள்ளவர்கள் பலர் இருந்தார்கள். 1956ஆம் ஆண்டு வக்புச் சட்டத்துக்குப் பின் நம்பிக்கையாளர் சபைகள் வந்தபோதும் இவ்வழக்கம் பல இடங்களில் உடனே மறைந்துவிடவில்லை.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். குடி ஆண்டு சொல்லாது. பெரிய குடிகளுக்குள் ஒருவருக்கொருவர் இரத்த உறவைக் காட்டமுடியாத குடும்பங்கள் பல. வெளியூரிலிருந்து, சிலவேளை கடல்கடந்து, வந்து பெண்கட்டிய ஆணின் பிறப்பு இம்முறையில் அகப்படாது. பிள்ளைகள் உம்மாவின் குடியாகிவிடுவதால் அவர் வந்த தடமே அழிந்துபோகும். குடி தேடலைச் சுருக்கித் தருகிறது, அவ்வளவே. முடிவைக் காகிதம் சொல்லவேண்டும்.

ஆணின் உழைப்புக்கும் காகிதம் உண்டா? உண்டு, சிதறலாக. 1848ஆம் ஆண்டு வீதிக் கட்டளைச் சட்டம் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்டவேண்டும் என்றது. காணியற்றவருக்கும் விலக்கில்லாத வரி அது. ஆகவே அதற்கென எழுதப்பட்ட ஆட்பட்டியல்கள் உழைப்பாளரைத் தேடுவோருக்கு முதன்மையானவை. 1850களில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டு மேற்கே வயல் பெருகியபோது உழைப்புக்கான தேவையும் பெருகியது. 1893 தொடக்கத்தில் நீங்கும்வரை இருந்த தானியவரிக்கான ஏடுகள் வயலை வட்டை வட்டையாகக் காட்டும். அவை போடியாரின் ஏடுகளே என்றாலும், எந்த வட்டையில் யாருக்கு வயல் என்று தெரிந்தால் அவருடைய ஆட்கள் எந்த ஊரிலிருந்து போனார்கள் என்று கேட்கமுடியும். இங்கே ஒரு நடைமுறைச் செய்தி: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய இத்தகைய அரசு ஏடுகளை மட்டக்களப்புக் கச்சேரிப் பதிவுகளிலும் கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்திலும் தேடவேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது; மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வளவுகளோடு அலுமாரிகளில் இருந்த உறுதிகளும் போயின. ஆயினும் நொத்தாரிசுகள் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர்கள். வீட்டுப் பிரதி போனாலும் தேடல் முடிந்துவிடவில்லை. எனக்குப் பெரிய கவலை தருவது அதற்குப் பின் நடந்தது. நிவாரண வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் கணவருக்கு எழுதப்பட்டன. உம்மாவின் வளவில் மகளின் வீடு என்ற தொடர் அந்த இடத்தில் அறுந்தது. நூறாண்டு கழித்துத் தேடப்போகிறவருக்கு எல்லை வரிகளில் பெண்பெயர்கள் கிடைக்கமாட்டா. புதுக் குடியிருப்புகளின் பள்ளிவாசல்கள் தம் திருமண ஏட்டில் மணமக்கள் இருவரின் தாய்மாருடைய பெயரையும் குடியையும் இப்போதே எழுதத் தொடங்கலாம். சட்டத் திருத்தம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஏட்டில் இரண்டு நிரல்கள் போதும்.