வெங்கடசாமி, கோவிந்தப்ப (1918–2006)

கண் மருத்துவர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர். எட்டையபுரம் வட்டாரக் கரிசல் கிராமமான அயன் வடமலாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில் 1918 அக்டோபர் 1 அன்று பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். இராணுவ மருத்துவப் பணியின்போது தாக்கிய கடும் முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். வளைந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்து முடித்தார். 1956 முதல் மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மருத்துவம் இலவசம் என்று அறிவித்துவிட்டால் ஏழை வந்துவிடுவார் என்ற நம்பிக்கை போதாது என்பதே அவருடைய பணி தரும் முதன்மையான பாடம். மானாவாரிப் பருத்தியை நம்பிய கரிசல் காட்டில் புரை விழுந்த முதியவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக, பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் வேண்டும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். வயதானால் பார்வை மங்கத்தான் செய்யும் என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். ஆகவே வெங்கடசாமி 1960களிலேயே ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976இல் உடன்பிறந்தோர் துணையுடன் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னாளில் முகாமில் அறுவைக்குத் தேர்வானவர்களைப் பஸ்ஸில் அழைத்துவந்து, உணவும் தங்குமிடமும் தந்து, ஊரில் கொண்டுபோய் விடும் வழக்கம் நிலைபெற்றது.

இப்படித் திரளாக வருபவர்களுக்கு விரைவாக அறுவை செய்தால் கவனிப்பு குறையாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அரவிந்தில் மிச்சமாவது மருத்துவரின் காத்திருப்பு நேரமே. ஒரு மேசையில் அறுவை நடக்கையில் அடுத்த மேசையில் மற்றொருவர் தயாராக இருப்பார். பரிசோதனையையும் ஆயத்தங்களையும் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கவனிப்பார்கள். ஒரே வேலையை நாள்தோறும் செய்யும் கைக்குத் தேர்ச்சி கூடும். பணம் தராதவருக்கு இரண்டாந்தரச் சிகிச்சைதானே என்ற ஐயமும் உண்டு. இலவசப் பிரிவில் பாய், கட்டணப் பிரிவில் கட்டில் என வசதியில் வேறுபாடு இருந்தது. மருத்துவர்களோ இரு பிரிவிலும் மாறி மாறிப் பணியாற்றினர். கட்டணம் செலுத்தியவர்களின் பணமே இலவச அறுவைகளையும் தாங்கியது.

தரத்தில் சமரசம் இல்லை என்பதற்கு லென்ஸே சான்று. புரையை மட்டும் அகற்றினால் சோடாபுட்டிக் கண்ணாடி தேவைப்படும். காட்டு வேலையில் அது உடைந்தால் மறுபடி இருட்டுத்தான். கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவாக 1992இல் நிறுவப்பட்ட அரோலேப் அதை மதுரையிலேயே தயாரித்து, விலையை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக்கியது. 2006 ஜூலை 7 அன்று வெங்கடசாமி காலமானார். ஏழைக்கு நல்ல மருத்துவம் எட்டாததற்குப் பணமின்மை பாதிக் காரணமே. ஏழை இருக்கும் இடத்துக்குப் போகாத அமைப்பு மறுபாதி. அந்த மறுபாதியைச் சரிசெய்ததே வெங்கடசாமியின் சாதனை.